விண்டோஸ் 10: முடிவுத் திகதிக்கு முன்பே கைவிடப்பட்ட எமது கணினிகள்

கடந்த ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்து வருடங்களுக்கு மேல் உலகெங்கும் பாவனையில் இருந்த இயங்குதளம் அது. அன்றிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றியதுதான். "இனி கணினி வேலை செய்யாதா?", "புதிது வாங்கத்தான் வேண்டுமா?", "கடையில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறார்களாம், போடலாமா?" என்று கேட்கிறார்கள்.

இவற்றுள் ஓர் அழைப்பு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் தனாதிகாரியிடமிருந்து வந்தது. "தம்பி, ஒபீஸ் கம்ப்யூட்டர் இனி வேலைக்காகாதாமே. கடையில் புதுசு வாங்கச் சொல்றாங்க. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார். லுஹர் தொழுகைக்குப் பின் போய்ப் பார்த்தேன். அங்கு கண்டதை எழுதுவதற்குக் காரணம், இது ஒரு பள்ளிவாசலின் கதை மட்டுமல்ல என்பதுதான். எமது மத்ரஸா காரியாலயங்கள், ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள், அச்சகங்கள், கொமியூனிகேஷன் கடைகள், வீடுகள் பலவற்றிலும் நிலைமை இதுவே.

அது இரண்டாம் கையாக வாங்கிய கணினி. ஏதோ ஒரு நாட்டின் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்த பின் கொள்கலனில் கொழும்புக்கு வந்தது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் தாராளமாகப் போதும். அதில் ஓடியது விண்டோஸ் 10இன் 1909 என்ற பதிப்பு. 2019 நவம்பரில் வந்த பதிப்பு அது. விண்டோஸ் 10 என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. சாதாரண பாவனையாளருக்கான 1909இன் ஆயுள் 2021 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. அப்டேட் சேவை முற்றாக நிறுத்தப்பட்டிருந்தது. விண்டோஸுடன் வரும் டிஃபென்டர் அண்டிவைரஸும் அணைக்கப்பட்டிருந்தது. காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விண்டோஸைக் காசு கொடுக்காமல் 'அக்டிவேட்' செய்யும் களவு மென்பொருள் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது.

அதாவது, உலகம் முழுவதும் ஒக்டோபரில் நடந்ததாகப் பேசிக்கொண்ட விடயம் இந்தக் கணினிக்கு நான்கரை வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. எவரும் கவனிக்கவில்லை. கணினி ஒவ்வொரு நாளும் திறந்தது, மூடியது. அதனால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

அப்படியானால் என்ன நட்டம் என்று கேட்கலாம். தனாதிகாரியும் அதைத்தான் கேட்டார். அந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். ஊர்ச் சந்தாப் பட்டியல், ஜனாஸாப் பதிவு, திருமணப் பதிவுகளின் ஸ்கேன் பிரதிகள், வாடகைக் கடைகளின் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸகாத் பெறுவோரின் பட்டியல். யார் விதவை, யாருக்குக் கடன், எந்த வீட்டில் நோயாளி, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில். வெளியே தெரியக் கூடாது என்பதற்காக மஃரிபுக்குப் பின் வந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் அவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதை நிர்வாகத்தில் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. சட்டத்தை விடுங்கள், அந்தப் பட்டியல் வட்ஸ்அப்பில் சுற்றினால் அந்த வீட்டார் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்கள்?

பாதுகாப்பு அப்டேட் என்பதை நம்மில் பலர் டேட்டாவைத் தின்னும் தொல்லையாகவே பார்க்கிறோம். 2017 மே 12ஆம் திகதி பரவிய வன்னாக்ரை தாக்குதலை இங்கு நினைவுபடுத்த வேண்டும். சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது அது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் சத்திரசிகிச்சைகள் கூடப் பிற்போடப்பட்டன. அந்தத் தாக்குதல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் அதைப் போடாதவர்களும், அப்டேட் கிடைக்காத பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தவர்களும்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2023இல் எமது அரசாங்கத்துக்கே இது நடந்தது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிய லங்கா கவர்மென்ட் க்ளவுட் கப்பம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனெனில் அந்தக் காலப்பகுதிக்கான மேலதிகப் பிரதி, அதாவது பேக்அப், எடுக்கப்பட்டிருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அதற்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு அதே வருடம் ஏப்ரலில் முடிந்திருந்தது. 2021இலிருந்தே அதைப் புதுப்பிக்கத் திட்டம் இருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தாமதமானதாகவும் விளக்கம் சொன்னார்கள். பழைய மென்பொருள், பேக்அப் இல்லை, காசு இல்லை. பள்ளிவாசல் காரியாலயத்தில் நான் கண்டதும் அச்சொட்டாக இதே மூன்றுதான்.

களவு அக்டிவேட்டர் விடயத்துக்கு வருகிறேன். இதை வெறும் காப்புரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் பெரும் ஆபத்தைத் தவறவிடுகிறார்கள். இந்த மென்பொருள்கள் ஓடுவதற்கு முதலில் அண்டிவைரஸை அணைக்கச் சொல்லும். நாமும் அணைத்துக் கொடுப்போம். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்பின் தெரியாத ஒருவனிடம் திறப்பைக் கொடுப்பதற்கு ஒப்பான காரியம் இது. கேஎம்எஸ்பிக்கோ என்ற பிரபல அக்டிவேட்டரின் பெயரில் பரப்பப்பட்ட போலிப் பிரதிகளுக்குள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட் இருந்ததை 2021இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய கப்ப வைரஸ்களில் ஒன்றான ஸ்டொப் ஜேவு பரவிய பிரதான வழியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'கிரக்' கோப்புகள்தான். குடும்பப் படங்கள் முழுவதும் ஒரே இரவில் பூட்டப்பட்டுவிட்டதாகச் சொல்லி லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் சிலர். பிள்ளை ஏதோ விளையாட்டை இறக்கியிருக்கும். எதையும் மீட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை.

மார்க்க ரீதியான கேள்வி உலமாக்களுக்குரியது, நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஆவில் மதிக்கப்பட வேண்டிய உரிமைகள் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி 1988இலேயே குவைத்தில் தீர்மானித்திருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் கணினி மென்பொருளைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கமாகவே கொள்கிறது. "அமெரிக்கக் கம்பனிதானே" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவோர், களவு விண்டோஸில் ஸகாத் கணக்கு எழுதுவதை ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் வேதனையளித்த விடயம் வேறு. அந்தக் கணினிக்குச் சட்டபூர்வமான விண்டோஸ் ஏற்கனவே இருந்தது! பெரிய நிறுவனங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே உரிமத் திறப்பு மதர்போர்ட்டுக்குள்ளேயே பதியப்பட்டு வருகிறது. நான் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட்டபோது, எதையும் கேட்காமல் தானாகவே அக்டிவேட் ஆனது. சொந்த வீட்டுக்கு இத்தனை வருடம் கள்ளத் திறப்புப் போட்டுத் திரிந்திருக்கிறோம். எல்லா இரண்டாம் கைக் கணினிகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் 7 காலத்துப் பெட்டிகளில் இந்த வசதி இல்லை. ஆனாலும் வாங்கும்போது கடையில் இதைக் கேட்பதற்குச் செலவில்லை. கடைத் தம்பிகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. "சீக்கிரமாக, மலிவாகப் போட்டுத் தாங்க" என்று அவர்களிடம் கேட்டது நாம்தான்.

இப்போதுள்ள வழிகள் என்ன? விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஓடும் கணினிகளுக்கு மேலும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட்களைப் பெறலாம். இதற்கு 30 டொலர், நம் காசில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபா. மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் நுழைந்து விண்டோஸ் பேக்அப்பை இயக்கினால் காசு தேவையில்லை. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு தெரியும். பள்ளிவாசல் கணினியை இப்படித்தான் பதிவு செய்தேன். ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளின் மக்களுக்கு இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டு, பேக்அப்பை இயக்காமலேயே இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் கேட்டு வாங்கிக்கொண்டன. இலங்கைப் பாவனையாளருக்காக அப்படிக் கேட்ட எவரையும் நான் அறியேன்.

விண்டோஸ் 11க்கு மாறுவதென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறை, அதாவது 2017க்குப் பிந்திய செயலி வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதற்கு முந்தியவை எவ்வளவு நன்றாக ஓடினாலும் தகுதியற்றவை என்பது மைக்ரோசொஃப்டின் முடிவு. சுமார் 24 கோடிக் கணினிகள் இதனால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. இந்தப் பரிசோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11 போடும் வித்தை கடைகளுக்குத் தெரியும், நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஓடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசொஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. அப்டேட்டுக்காக மாறி, அப்டேட் நிச்சயமில்லாத இடத்தில் போய் நிற்பதில் பயன் குறைவு.

புதிது வாங்குவோம் என்றால் காலம் மோசமாக இருக்கிறது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய 2022இல் கணினி விலை எட்டாக் கனியானது. இப்போது ரேம் விலை ஏறியிருக்கிறது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே உலகின் பெரும்பங்கு ரேமைத் தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் கேட்ட விலைக்கு வாங்குவதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கடந்த டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன் ஒரு படி மேலே சென்று, சாதாரண பாவனையாளருக்கான தனது குருஷியல் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் விலை கேட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பியவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

எஞ்சுவது லினக்ஸ். லினக்ஸ் மின்ட் போன்றவை எட்டு, பத்து வருடப் பழைய கணினியிலும் நன்றாகவே ஓடும். காசு இல்லை, களவும் இல்லை. எக்ஸெல், வேர்ட் கோப்புகளைத் திறக்க லிப்ரே ஒபிஸ் போதும். ஜேர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு தனது 30,000 கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றத் தீர்மானித்தது 2024இல். இது நமக்கு அந்நியமான விடயமும் அல்ல. 2004 சுனாமிக்குப் பின் காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'ஸஹானா' என்ற மென்பொருள் திறந்த மூல மென்பொருளே. பின்னர் அது வெளிநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டு, 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் இழந்ததை இழந்து நின்ற நாட்களில் பிறந்த மென்பொருள் அது.

அப்படியானால் ஏன் எவரும் மாறுவதில்லை? பிரதான காரணம் பாமினி என்பது என் அபிப்பிராயம். சிரிக்க வேண்டாம்.

எமது அச்சகங்களும் பள்ளிவாசல்களும் இருபது, இருபத்தைந்து வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவை. கல்யாண அழைப்பிதழ், மீலாத் மலர், மத்ரஸா பட்டமளிப்பு மலர் எல்லாம் பேஜ்மேக்கரில்தான். அடொபி நிறுவனம் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பை வெளியிட்டது 2001இல். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் முடித்துவிட்டார்கள், நாம் இன்னும் அதை விடவில்லை. பாமினியில் ஒரு தந்திரம் இருக்கிறது. கணினிக்குள் அது சேமிப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில எழுத்தையே. அதன் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ கோப்பைத் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒருவர் அனுப்பிய கோப்பை மற்றவர் திறக்க முடியாமல் "நீங்கள் பிழையாக அனுப்பிவிட்டீர்கள்" என்று எத்தனை நிர்வாகக் கூட்டங்களில் சண்டை பிடித்திருக்கிறோம்! ஒழுங்கான அகர வரிசையும் வராது, கூகிளிலும் தேட முடியாது.

பள்ளிவாசலின் சந்தாப் பட்டியலும் பாமினியில்தான் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகள் பாமினியை யூனிகோடுக்கு நொடியில் மாற்றிவிடும் என்று நம்பித்தான் தொடங்கினேன். தமிழ் மட்டும் இருந்த நிரல்கள் உடனே மாறின. ஆனால் ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலமும் கலந்திருந்த இடங்களில் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறி, எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஒன்றாகின. பெயர்ப் பட்டியலைக் கையால் திருத்த எனக்கும் க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு மாணவருக்கும் மூன்று இரவுகள் பிடித்தன. ஒரு முறை செய்தால் போதும் என்பதே ஆறுதல். இதைச் செய்யாதவரை எந்த அச்சகத்தையும் பழைய விண்டோஸிலிருந்து அசைக்க முடியாது. சட்டபூர்வமானதோ களவானதோ, பேஜ்மேக்கர் ஓடும் ஒரு பெட்டியைக் காப்பாற்றத்தான் அவர்கள் அப்டேட்டை நிறுத்திவைக்கிறார்கள்.

பேக்அப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளம் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. உயிர்களுக்கு முன்னால் கணினி ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் கம்பளையில் எனது உறவினர் ஒருவரின் கடையில் சேறு வடிந்த பின் நடந்ததைக் குறிப்பிட வேண்டும். கடன் கொடுத்தவர், வாங்கியவர் கணக்கு முழுவதும் ஒரு கணினியில் இருந்தது. பேக்அப் என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வைத்திருந்தார், அதே மேசையின் இலாச்சியில். இரண்டும் சேர்ந்தே மூழ்கின. கணினியைத் துடைத்து வெயிலில் காயவைத்து, ஓடுகிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுத்திருக்கிறார். அதோடு முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டுக்கும் அதை வாசிக்கும் முனைக்கும் இடையில் இருப்பது தூசியின் பருமனிலும் குறைந்த இடைவெளி. சேறு படிந்த நிலையில் சுழலவிட்டால் தட்டே கீறப்படும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கலாம்.

பள்ளிவாசலுக்கு இப்போது இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள் வாங்கியிருக்கிறோம். ஒன்று காரியாலயத்தில், மற்றது மேட்டு நிலத்தில் இருக்கும் செயலாளரின் வீட்டில். ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் மாற்றிக்கொள்வது ஏற்பாடு. இரண்டுமே பிட்லொக்கரால் பூட்டப்பட்டவை, தொலைந்தாலும் எவரும் திறந்து பார்க்க முடியாது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் அந்த வசதி கூடவே வருகிறது. மீட்புத் திறப்பைக் கடதாசியில் எழுதித் தலைவரும் தனாதிகாரியும் வைத்திருக்கிறார்கள். ஸகாத் பட்டியல் தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டு, இருவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லின் கீழ் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் நிர்வாக சபையின் சம்மதம் இலகுவில் கிடைத்ததாக நினைக்க வேண்டாம். "இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே" என்றார் ஒருவர். "பள்ளிக் கணினியில் திருட என்ன இருக்கிறது?" என்றார் இன்னொருவர். அவருடைய மகளின் திருமணப் பதிவு அதில்தான் இருக்கிறது என்று மோதினார் சொன்ன பிறகு அமைதியானார். ஒக்டோபருக்குப் பின் லினக்ஸா, எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றா என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை. ரேம் விலையைப் பார்த்துவிட்டு ரமழானுக்குப் பின் பேசுவோம் என்று ஒத்திவைத்திருக்கிறார்கள். இந்த ரமழானின் ஸகாத் விண்ணப்பங்களை யூனிகோடில் பதிய அந்த மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.